காலி இடம் தெரியாத பக்கம்

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது: "எமர்ஜென்சி முடிந்து ஏறக்குறைய ஐம்பது வருஷம். அதற்குப் பிறகு இந்தியாவில் பத்திரிகைகளுக்கு சென்சார் கிடையாது. அரசாங்கம் ஆளனுப்பி எந்தப் பத்திரிகை ஆபீஸையும் பூட்டவில்லை. தினமும் முதலமைச்சரையும் பிரதமரையும் திட்டித்தான் எழுதுகிறார்கள். பிறகு எதற்கு கருத்துரிமை நசுக்கப்படுகிறது என்று சத்தம்? அரசால் அப்படி என்னதான் செய்துவிட முடியும்?"

கொஞ்சம் கிண்டல் இருந்தாலும் நியாயமான கேள்விதான். சுதந்திரம் இருக்கிறதா இல்லையா என்று இவர் கேட்கவில்லை. பூட்டுப் போடாமல் ஒரு பத்திரிகையின் வாயை அடைக்க முடியுமா, முடியுமென்றால் எப்படி என்று கேட்கிறார். முடியும். பூட்டினால்தான் ஊருக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குப் போக வழி பிறக்கும். பூட்டாமல் செய்வதுதான் நீண்ட நாள் தாங்குகிறது. நான் ஒரு தமிழ் நாளிதழில் 31 வருஷம் டெஸ்கில், அதாவது வரும் செய்தியைத் திருத்திப் பக்கம் அமைக்கும் இடத்தில், இருந்தவன். அதில் பாதிக்கு மேல் நைட் ஷிப்ட். கடைசி ஒன்பது வருஷம், அலுவலகத்துக்கு வரும் வக்கீல் நோட்டீஸ், சம்மன் ஃபைல் எல்லாம் என் மேஜையில்தான் இருந்தன. வக்கீல் படிப்பு இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த ஃபைலைப் புரட்டிப் புரட்டித் தெரிந்துகொண்டது.

முதலில் சட்டத்தில் சந்தேகமில்லாமல் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் அரசியலமைப்பில் "பத்திரிகைச் சுதந்திரம்" என்று தனியாக ஒரு வரி கிடையாது. குடிமகனுக்குள்ள பேச்சுரிமைதான், 19(1)(அ) பிரிவு. அதற்குள் பத்திரிகையும் அடக்கம் என்று நீதிமன்றம் சொன்னதற்குக் காரணமே நம் சென்னை மாகாணம்தான். பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று 1950 மார்ச்சில் சென்னை அரசு தடை போட்டது. குடியரசு பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டார். மே மாதமே உச்ச நீதிமன்றம் தடை செல்லாது என்றது: பொது ஒழுங்கு என்ற காரணத்தைச் சொல்லி இதழை முடக்க அரசியலமைப்பில் இடமில்லை. இடமில்லை என்று சொன்னதும் அரசு என்ன செய்தது? இடத்தை உண்டாக்கியது. 1951-ல் கொண்டுவந்த முதல் திருத்தத்தில் 'பொது ஒழுங்கு', 'குற்றத்துக்குத் தூண்டுதல்', 'அயல்நாடுகளுடன் நட்புறவு' என்ற சொற்கள், பேச்சுரிமைக்கு அரசு எந்தெந்தக் காரணத்துக்காக வரம்பு போடலாம் என்று சொல்லும் 19(2)-க்குள் நுழைந்தன. அவற்றோடு 'நியாயமான' என்ற ஒரு அடைமொழியும் வந்தது. இன்றுவரை கருத்துரிமை வழக்குகளில் வக்கீல்கள் மல்லுக்கு நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு அடைமொழியை வைத்துத்தான்.

அச்சேறும் முன்பே தடுக்க முடியுமா? முடியாது என்பதும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் உறுதியானதுதான். தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' தொடராக வெளியிடப் போவதாக அறிவித்தது. போலீஸ் அதிகாரிகளின் பெயர்கள் அதில் வரும் என்ற நிலையில், சிறைத்துறைத் தலைவர், வெளியிட்டால் நடவடிக்கை என்று கடிதம் எழுதினார். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அவதூறு வரும் என்று பயந்து வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ எந்தச் சட்ட அதிகாரமும் இல்லை, வெளிவந்த பிறகு வேண்டுமானால் வழக்குப் போடலாம். கேள்வி கேட்டவர் "சென்சார் கிடையாது" என்பது இந்த அர்த்தத்தில் முழுக்கச் சரி. ஆனால் "பிறகு வழக்குப் போடலாம்" என்ற அந்தக் கடைசித் துண்டில்தான் இந்தப் பதிலின் முக்கால்வாசி இருக்கிறது.

அதற்கு முன் எமர்ஜென்சி. 1975 ஜூன் 25 நள்ளிரவில் டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மறுநாள் தணிக்கை உத்தரவு வந்தது. 28-ம் தேதி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. சென்னையில் 'துக்ளக்' கறுப்பு அட்டையோடு வந்தது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது அடுத்து வந்த உத்தரவு: காலி இடம் விடக் கூடாது. அதாவது, வெட்டுவோம், வெட்டியது வெளியே தெரியவும் கூடாது. வெட்டிய இடத்தில் வேறு ஏதாவது போட்டு நிரப்பு. இந்த ஒரு விதியில் இருக்கும் புத்திசாலித்தனத்தை நான் டெஸ்கில் உட்கார்ந்த பிறகுதான் உணர்ந்தேன். காலி இடம் பேசும். நிரப்பிய இடம் பேசாது.

நிரப்பச் சொன்ன இடத்திலேயே பேசவைத்தவர்களும் உண்டு. பம்பாயில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வின் மரண அறிவித்தல் பகுதியில், ஜனநாயகம் காலமானதாக, மனிதப் பெயர்போலப் பிரித்து எழுதி ஒருவர் கட்டண விளம்பரம் கொடுத்தார். கவுண்டரில் இருந்தவருக்குப் புரியவில்லை, அச்சாகிவிட்டது. இங்கே 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் கட்சிக்காரர்களைக் கொத்துக் கொத்தாகக் கைது செய்தார்கள். யார் யார் கைது என்று செய்தி போட முடியாது. மூன்றாம் நாள், பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் 'முரசொலி'யில் வந்தது. மாவட்டவாரியாக யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தொண்டர்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கருணாநிதியின் அரசியல் பற்றி எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் ஒரு டெஸ்க்காரனாக அந்தப் பட்டியலுக்கு இன்னும் தொப்பியைக் கழற்றுவேன்.

எமர்ஜென்சியிலிருந்து பத்திரிகைகள் என்ன கற்றன என்று நிறையப் பேசியாயிற்று. ஆட்சியாளர்கள் கற்றதைத்தான் யாரும் பேசுவதில்லை. சென்சார் அதிகாரியை உட்காரவைத்தால் அவர் பெயர், அவர் கையெழுத்து, அவர் உத்தரவு எல்லாம் ஆவணமாகிவிடும். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்' இதழின் ஆசிரியர் மினு மசானி 1976-லேயே தணிக்கை உத்தரவுகளை எதிர்த்து வழக்குப் போட்டு ஜெயித்தார். எமர்ஜென்சி காலத்திலேயே! உத்தரவு என்று ஒன்று இருந்ததால்தான் அதை எதிர்க்க முடிந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஒரே பத்திரிகையின் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1987-ல் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்டால் ஒருவரை ஜேப்படித் திருடனாகவும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரனாகவும் அடையாளம் காட்டும் வகைக் கேலி. சட்டமன்றம் கொதித்தது. உரிமை மீறல். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் கேட்க மறுத்தார். ஏப்ரல் 4-ம் தேதி மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்து அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஊரெல்லாம் கொந்தளித்தது, சில நாள்களிலேயே வெளியே விட்டார்கள். பிறகு அவர் வழக்கு நடத்தி, 1994-ல் உயர் நீதிமன்றத்தில் அந்தக் கைது தவறு என்று தீர்ப்பும் ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். அந்த ஆயிரம் ரூபாயைச் செலவழிக்காமல் ஃபிரேம் போட்டு அலுவலகத்தில் மாட்டிவைத்தார்.

அடுத்தது 2025. பிப்ரவரி 10-ம் தேதி விகடனின் இணைய இதழில் ஒரு கார்ட்டூன்: கையில் விலங்கோடு பிரதமர், பக்கத்தில் அமெரிக்க அதிபர். இந்தியர்களைக் கைவிலங்கிட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய சமயம் அது. 15-ம் தேதி மாலை முதல் பலருக்கு விகடன் தளமே திறக்கவில்லை. அந்தக் கார்ட்டூன் பக்கம் மட்டுமல்ல, சமையல் குறிப்பு, ராசி பலன் உட்பட முழுத் தளமும். தடை என்று அரசிடமிருந்து தங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை என்று நிறுவனம் சொன்னது. நோட்டீஸ் மறுநாள்தான் வந்தது. மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள், தளத்தின் மீதான தடையை நீக்குங்கள் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

எது மோசம்? ஆளைச் சிறையில் போட்டதுதான் என்று சட்டென்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. 1987-ல் தண்டித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். சபாநாயகர் பி.எச். பாண்டியன் அறிவித்தார், பேப்பரில் வந்தது, எதிர்க்கட்சிகள் தெருவுக்கு வந்தன. 2025-ல் முதல் நாள் முழுக்க வாசகர்கள் தங்கள் ரூட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மைத்துனர் என்னிடம் போனில், "நெட் ஸ்லோவா இருக்கு மாப்ளே" என்றார்.

இது தற்செயல் இல்லை, விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் 2009-ல் வகுத்த விதிகளும்தான் இணையதளங்களை முடக்கும் அதிகாரம். அதில் 16-ம் விதி, வந்த கோரிக்கையையும் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. 9-ம் விதி, அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்கலாம் என்கிறது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதே சட்டத்தின் 66ஏ பிரிவைத் தூக்கியெறிந்தபோது எங்கள் அலுவலகத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். ஒரு ட்வீட்டுக்காகப் புதுச்சேரியில் ஒருவரைக் கைது செய்த பிரிவு அது. ஆனால் அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்றும் சொன்னார்கள். காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், சம்பந்தப்பட்டவரை விசாரிக்க வேண்டும் என்று பாதுகாப்பு இருக்கிறதே என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம். பாதுகாப்பு காகிதத்தில் இருக்கிறது. ரகசிய விதியும் அதே காகிதத்தில்தான் இருக்கிறது.

கேரளத்தின் 'மீடியா ஒன்' தொலைக்காட்சிக்கு இதைவிட வினோதமான அனுபவம். 2022 ஜனவரியில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் தேசப் பாதுகாப்பு. என்ன பாதுகாப்பு என்று கேட்டால் மூடிய உறைக்குள் நீதிபதியிடம் மட்டும் கொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் உறையைப் படித்துவிட்டுத் தடை சரி என்றது. சேனலுக்கு எதற்காகத் தண்டனை என்றே தெரியாது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசின் கொள்கையை விமர்சிப்பது தேச விரோதமல்ல என்றும், மூடிய உறை நடைமுறை நியாயமான விசாரணைக்கே எதிரானது என்றும் கடுமையாகச் சொன்னது.

கேள்வி கேட்ட நண்பர் இந்த இடத்தில் "பாருங்கள், கடைசியில் எல்லா வழக்கிலும் பத்திரிகைதானே ஜெயிக்கிறது" என்பார். பெரும்பாலும் ஆமாம். 2003-ல் 'தி இந்து'வின் தலையங்கத்துக்காகவும் அதைத் தமிழில் மொழிபெயர்த்துப் போட்ட 'முரசொலி'க்காகவும் ஆசிரியர் உட்பட ஆறு பேருக்குச் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2018-ல் 'நக்கீரன்' கோபாலை ஆளுநர் தொடர்பான கட்டுரைக்காக 124-ம் பிரிவில் கைது செய்தார்கள். ஆளுநரைத் தாக்கிப் பணியவைப்பதற்கான பிரிவு அது! எழும்பூர் நீதிமன்றத்தில் 'இந்து' என். ராம் எழுந்து, இந்தப் பிரிவை ஒரு பத்திரிகை மீது போட்டால் என்ன ஆகும் என்று பேசினார். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்தார். நல்லது. ஆனால் இவையெல்லாம் சென்னையில், பெயர் தெரிந்த ஆசிரியர்களுக்கு, மூத்த வக்கீல்கள் ஓடி வரும் இடத்தில் நடந்தவை. ஊர்ப்புறத்து நிருபருக்கு என்ன நடக்கிறது என்பதை நான் பார்த்த ஒரு அவதூறு வழக்கை வைத்துச் சொல்கிறேன்.

சாதாரண மனிதர் ஒருவர் அவதூறு வழக்குப் போட வேண்டுமென்றால் தன் காசில் வக்கீல் வைத்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தானே கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். அமைச்சருக்கோ அதிகாரிக்கோ அவர் பதவி சம்பந்தமான அவதூறு என்றால் அந்தச் சிரமம் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2), இப்போது புதிய சட்டத்தில் 222, இதற்குத் தனி வழி வைத்திருக்கிறது. அரசு அனுமதி கொடுத்தால் அரசு வக்கீலே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்வார். செலவு அரசுடையது. அதாவது வாசகரே, உங்களுடையது. எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், பட்டியலில் ஆசிரியர், அச்சிட்டு வெளியிடுபவர், நிருபர் என்று வரிசை. பேப்பரின் அடியில் பொடி எழுத்தில் அச்சகம், வெளியீட்டாளர் பெயர் ஒரு வரி வருமே, யாரும் படிக்காத அந்த வரி இதற்காகத்தான். 1908-ல் 'இந்தியா' வார இதழ் மீது நடவடிக்கை வந்தபோது பாரதி புதுச்சேரிக்குப் போனார். சிறைக்குப் போனவர், பதிவில் பெயர் இருந்த சீனிவாசன்.

எங்கள் வழக்கு தென் மாவட்டம் ஒன்றில். ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம் முடியாமலே முடிந்ததாகக் கணக்கு எழுதியதைப் பற்றிய செய்தி. மூன்று பத்தி அகலம்கூட இல்லை. எங்கள் மாவட்ட நிருபர் மூன்றாம் எதிரி. சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லாத பகுதிநேர நிருபர் அவர், மொபைல் ரீசார்ஜ் கடை வைத்துப் பிழைப்பவர். வாய்தா என்றால் காலை பத்தரைக்கு கோர்ட் வராந்தாவில் நிற்க வேண்டும். டவாலி மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் இல்லையென்றால் வாரண்ட். வர முடியாத நாளில் வக்கீல் 317 மனுப் போட வேண்டும், அதற்கும் காரணம் கேட்பார்கள். பன்னிரண்டு மணிக்குப் பெயர் வரும். அரசு வக்கீல் அவகாசம் கேட்பார். அடுத்த மாதம் ஒரு தேதி. அன்றைக்குக் கடை அடைப்பு. இப்படி நாலு வருஷத்தில் இருபதுக்கும் மேல் வாய்தா. நானும் சென்னையிலிருந்து பஸ் பிடித்து ஆறு தடவை போனேன். ஒரு சாட்சிகூட விசாரிக்கப்படவில்லை. ஆட்சி மாறியது. அரசாணை வந்தது, வழக்கு வாபஸ். எங்கள் செய்தி சரியா தவறா என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அந்தக் குடிநீரும் வந்ததாகத் தெரியவில்லை. அந்த நிருபர் பிறகு கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா செய்தி மட்டும் அனுப்பினார்.

இதில் எந்தக் கட்சியும் விதிவிலக்கில்லை, அளவில்தான் வித்தியாசம். ஜெயலலிதா ஆட்சியில் ஐந்து வருஷத்தில் போட்ட அவதூறு வழக்குகள் 213 என்று 2016-ல் உச்ச நீதிமன்றத்துக்குக் கணக்குக் கொடுத்தார்கள். அதில் 55 ஊடகங்கள் மீது. நீதிபதிகள், விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ளப் பழகுங்கள் என்ற தொனியில் கண்டித்தார்கள். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் என். ராம் உள்ளிட்ட பல ஆசிரியர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அரசு குடிமக்களுக்குப் பெற்றோர் போல நடக்க வேண்டும், வசைக்கெல்லாம் கோபித்துக்கொண்டு கோர்ட்டுக்கு வரக் கூடாது என்றது. 2021-ல் புதிய அரசு வந்து பத்திரிகையாளர்கள் மீதான 90 வழக்குகளை வாபஸ் வாங்கியது. வாபஸ் வாங்குவதைப் பெருந்தன்மையாகக் கொண்டாடுகிறோம். வழக்குப் போடும் வசதி அப்படியேதான் இருக்கிறது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று உறுதியும் செய்துவிட்டது.

அவதூறு வழக்காவது வராந்தாவோடு போகும். ஊபா (UAPA, சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டம் வந்தால் கதை வேறு, ஜாமீன் லேசில் கிடைக்காது. உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில் தலித் பெண் கொல்லப்பட்ட செய்திக்காகப் போன கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் 2020 அக்டோபரில் வழியிலேயே கைதானார். 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார், அதுவும் ஜாமீனில். 'நியூஸ்கிளிக்' ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபரில் கைது செய்தார்கள். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்கவில்லை, ஆகவே கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஏழு மாதம் ஓடியிருந்தது. குற்றச்சாட்டு சரியா என்பது தனி விசாரணை, அதில் நான் கருத்துச் சொல்லவில்லை. விசாரணை முடியும் முன்பே தண்டனைக் காலம் மாதிரி ஒன்று கழிந்துவிடுகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆவணம் உள்ளவை. இனிச் சொல்வது நிரூபிக்க முடியாதவை, அதனால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். முன்பு அரசு பத்திரிகையின் கழுத்தைப் பிடித்தது நியூஸ்பிரிண்ட் கோட்டா, அதாவது அச்சுத்தாள் ஒதுக்கீடு, வழியாக. எத்தனை பக்கம் போடலாம் என்றுகூட அரசு சொன்னது. பத்துப் பக்க உச்சவரம்பை 1972-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இப்போது கோட்டா இல்லை, அந்த இடத்தில் விளம்பரம் வந்துவிட்டது. டெண்டர் அறிவிப்பு, திட்டத் தொடக்க விழா முழுப்பக்கம், பிறந்த நாள் சாதனைப் பட்டியல் என்று ஒரு நடுத்தரத் தமிழ் நாளிதழின் மாத வரவில் அரசு விளம்பரம் பெரிய தூண். அதை நிறுத்த உத்தரவு தேவையில்லை. இந்த வாரப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை, அவ்வளவுதான். பழைய பில் பாஸாகாது. கேட்டால் ஃபைல் மேலே இருக்கிறது. ஒரு செய்தி வந்த வாரத்தில் விளம்பரம் வறண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் செய்தியால்தான் வறண்டது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. விற்பனை குறைந்தாலும் விளம்பரம் குறையும். கேபிளில் ஒரு சேனல் 50-ம் எண்ணிலிருந்து திடீரென்று 500-க்கு ஓடிப்போவதும் இப்படித்தான். எல்லா ஆட்சியிலும் எழுந்த புகார், எந்த ஆட்சியும் ஒப்புக்கொள்ளாத புகார்.

அதேபோல, பத்திரிகைக்காரர்கள் 'நசுக்குகிறார்கள்' என்று சொல்வதெல்லாம் அப்படியே உண்மை இல்லை. செய்தியைச் சரிபார்க்காமல் போட்டுவிட்டு, நோட்டீஸ் வந்ததும் கருத்துரிமைக் கொடியைத் தூக்கியவர்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். முதலாளிக்குக் கல்லூரியோ குவாரியோ இருக்கும். அதைக் காப்பாற்ற அவரே செய்தியைக் கொன்றுவிட்டு, பழியை அரசின் மேல் போடுவதும் உண்டு. உலகப் பத்திரிகைச் சுதந்திரத் தரவரிசையை எடுத்துக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். 180 நாடுகளில் இந்தியா 2023-ல் 161, 2024-ல் 159, 2025-ல் 151. கணக்கிடும் முறையே தவறு என்கிறது மத்திய அரசு. எனக்கு அந்த எண்ணில் பெரிய ஆர்வமில்லை. பத்து இடம் முன்னேறியதால் அந்த ரீசார்ஜ் கடை நிருபர் மறுபடியும் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: செய்தியைத் தடுக்காமல் செய்தி வரும் வழியைத் தடுப்பது. 2018 மே 22, 23-ல் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். உடனே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்தார்கள். வதந்தி பரவக் கூடாது என்று காரணம். வதந்தி பரவியதா இல்லையா என்பது இருக்கட்டும், படமும் பரவவில்லை. அன்றிரவு எங்கள் நிருபர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போனில் வாசிக்க, டெஸ்கில் ஒருவர் காதில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு கையால் எழுதினார். எண்பதுகளில் அப்படித்தான் எழுதுவோம். இறந்தவர்களின் பெயர்களை எழுத்துக் கூட்டிக் கூட்டி மூன்று தடவை கேட்டார். படங்கள் இருந்த மெமரி கார்டை மதுரை போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்கள். அது வருவதற்குள் முதல் பதிப்பு போய்விட்டது. இணையத் தடை உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஆக, நண்பரே, அரசு என்ன செய்துவிட முடியும் என்ற கேள்விக்கு என் பதில்: ஒரு ஆளுக்கு, ஒரு ஊரில், ஒரு தடவை செய்தால் போதும். மிச்சத்தை நாங்களே செய்துகொள்வோம். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இருப்பது நான்தான்.

அந்த வாய்தாக்கள் முடிந்த மறு வருஷம். வேறொரு மாவட்டத்திலிருந்து, ஆற்று மணல் அள்ளுவது பற்றி ஒரு இளைஞர் செய்தி அனுப்பியிருந்தார். லாரி எண்கள், எந்த நேரத்தில் எந்தச் செக்போஸ்ட், எல்லாம் இருந்தன. கடைசி இரண்டு பாராவில் யாருடைய ஆட்கள் என்றும் எழுதியிருந்தார், தாசில்தார் அலுவலகக் கடித எண்ணோடு. யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. எடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளிக்கு அந்தச் செய்தி வந்ததே தெரியாது. மணி பதினொன்றேகால். நான் அந்த வராந்தாவை நினைத்துக்கொண்டேன், டவாலியின் குரலை நினைத்துக்கொண்டேன், இரண்டு பாராவையும் செலக்ட் செய்து டெலீட் அடித்தேன்.

காலையில் அவரிடமிருந்து போன். "அண்ணே, கடைசி ரெண்டு பாரா வரலையே."

"இடம் பத்தலப்பா" என்றேன்.

இடம் இருந்தது. பக்கத்தின் அடியில் விழுந்த ஓட்டையை, வெயில் காலத்தில் மோர் குடிப்பதன் நன்மைகள் என்று ஸ்டாக்கில் கிடந்த ஒரு துணுக்கை வைத்து அடைத்திருந்தேன்.